நாற்பத்தைந்து மில்லிமீற்றர்

வியாழக்கிழமைகளில் எண்ணெய் பூசக்கூடாது.
கிறீமும் ஆகாது.
இந்த நாட்டு வெயிலுக்குப் பூசித் திரியும் சன்ஸ்கிரீனையும்
பின்னேரம் நாலு மணிக்கே
சோப்புப் போட்டுக் கழுவிவிடவேணும்.
தோல் வெறுந்தோலாக இருந்தால்தான்
கம்பத்தில் பிடிக்கும்.

டண்டினோங்கில், ரயர்க் கடைக்கு மேலே அந்த மண்டபம்.
படியெல்லாம் றப்பர் மணம்.
ஆறு கம்பங்கள், நிலத்திலிருந்து கூரைக்கு.
முதல் நாள்
கணுக்கால் வரை லெகிங்ஸும் மகனின் ரீசேட்டுமாகப் போனேன்.
ஏறினேன், சறுக்கினேன்,
குந்தியபடி கீழே வந்து சேர்ந்தேன்
தீயணைப்புக்காரர் மாதிரி, ஆனால் தீ இல்லை.

"துணிக்குப் பிடிக்கத் தெரியாது" என்றாள் மெலே.
டொங்காக்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவள்,
என்னைவிட ஒன்றரை மடங்கு.
அவள் தலைகீழாகத் தொங்கும்போது
வயிறு நெஞ்சுப் பக்கம் சரிந்து வரும்.
அதை அவள் இழுத்து மூடுவதில்லை.
அதையும் கூட்டிக்கொண்டே சுற்றுவாள்.
காலை எப்படி மடிப்பது என்று பார்க்காமல்
நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொடிக்கு ஒரு கொழுகொம்பு வேணும் என்றுதான்
என்னைக் கலியாணம் பேசினார்கள்.
படர்ந்தேன். காய்த்தேன், இரண்டு.
பிறகு கொம்பு
வேறு தோட்டம் பார்த்துப் போய்விட்டது.
இந்தக் கொம்பு குரோம்.
குறுக்களவு நாற்பத்தைந்து மில்லிமீற்றர்.
யாரும் பேசி முடித்துத் தரவில்லை.
மாதம் நூற்றிருபது டொலர், நானே கட்டுகிறேன்.

ஆறாவது கிழமை கட்டைக் காற்சட்டை வாங்கப் போனேன்.
உடுப்பு மாற்றும் அறை வெளிச்சத்துக்கு இரக்கமில்லை.
என் தொடையை நானே பார்த்து எத்தனை வருஷம்!
உள்ளே, உரசி உரசி வந்த கறுப்பு.
அடிவயிற்றில் சிசேரியன் கோடு,
அதன் மேல் ஒரு மடிப்பு.
சேலை கட்டினால் இந்த மடிப்பை
கோயில் வீதி முழுக்கப் பார்க்கலாம், ஒன்றுமில்லை.
காற்சட்டைக்கு மேல் தெரிந்தால் மட்டும்
குற்றம்.
பன்னிரண்டு டொலர் கொடுத்து
குற்றத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

காயங்கள்:
முழங்காலுக்குப் பின்னால், தொடையில், பாதத்தின் மேலே
நாவற்பழ நிறத்தில்.
கிளினிக்கில் பிரஷர் பார்த்த நேர்ஸ்
கதவைச் சாத்திவிட்டு மெல்லக் கேட்டாள்:
"வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா?"
தொண்டை அடைத்துவிட்டது.
பதினொரு வருஷத்துக்கு முன்
கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.
அப்போது காயம் வெளியில் தெரியவில்லை.
"இது நானே எனக்குச் செய்துகொண்டது" என்றேன்.
அவள் முகம் இன்னும் மோசமாகியது.
பிறகு போனில் வீடியோவைக் காட்டினேன்.
இரண்டு தரம் பார்த்தாள்.
வகுப்பு எத்தனை மணிக்கு என்றாள்.

நேற்று மெலே விளக்கைக் குறைத்தாள்.
ஏறவேண்டாம், நடவுங்கள் என்றாள்.
கம்பத்தைச் சுற்றி, மெதுவாக,
அதைவிட மெதுவாக.
பஸ்ஸுக்கும் ஷிஃப்ட்டுக்கும் அடுப்புக்கும்
ஓடிப் பழகிய இடுப்பு
முதலில் நம்பவில்லை.
பிறகு ஒரு பக்கம் சாய்ந்தது.
யோசித்து
மற்றப் பக்கம்.
என் கை என் கழுத்திலிருந்து இறங்கி
விலாவில் தங்கியது.
சூடு.
ஒருவருக்கும் கொடுக்கவென்று எடுத்து வைத்ததல்ல,
சும்மா, என்னுடைய சூடு.

கண்ணாடியில் ஒருத்தி நின்றாள்.
வடிவாய்த்தான் இருக்கிறாள் என்று நினைத்தேன்,
பஸ்ஸில் யாரோ ஒருத்தியைப் பார்த்து நினைப்பதுபோல.
அவள் முதலில் கண்ணை எடுக்கவில்லை.
நானும் எடுக்கவில்லை.

கீழே ரயர்க் கடைக்காரன் ஷட்டரை இழுத்தான்.
வந்தவர்கள் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள்.
அடுத்த ஆளுக்காகக் கம்பத்தைத் துடைத்தேன்.
துடைத்த பிறகும்
நான் பிடித்திருந்த உயரத்தில்
கொஞ்சம் மங்கலாகவே இருந்தது.